விளம்பரம் போய்விட்டதா, வேஷம் மாறியதா?



ஒரு தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் தாய்மார் கூட்டம் நடந்தது. போசாக்கைப் பற்றிப் பேசி முடிந்ததும், பின்வரிசையில் இருந்த ஒரு தாய் எழுந்து ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, எங்க வீட்டுல யாரும் குடிக்கிறதில்ல. அவங்க அப்பா பீடிகூடத் தொடமாட்டாரு. ஆனா எம்மவன் ஏழாம் வகுப்புத்தான் படிக்கிறான், ஏழு சாராயப் பேரு சொல்லுறான். எது நல்ல சரக்கு, எது மட்டம்னும் சொல்லுறான். இத யாருய்யா இவனுக்குப் படிச்சுக் குடுத்தது?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தத் தாய் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், "டீ.வி.யில அந்த விளம்பரமெல்லாம் நிப்பாட்டிட்டாங்கதானே? அப்பறம் எப்படி?" என்று கேட்டார்.

அந்தத் தாயின் கேள்விக்கும் பெரியவரின் கேள்விக்கும் சேர்த்துத்தான் இந்த மாதப் பாடம். வீட்டில் எல்லோரும் இருக்கும் நேரம் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

பெரியவர் சொன்னது உண்மை. நம் நாட்டில் 2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம் என்பது அதன் பெயர். 2006 டிசம்பர் 1ஆம் திகதி முதல் அது நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டியவை இவை:

1. வானொலி, தொலைக்காட்சி, பத்திரிகை, சுவர், பதாகை என்று எதிலும் மதுசாரத்தையோ சிகரெட்டையோ விளம்பரம் செய்யக்கூடாது.

2. விளையாட்டுப் போட்டி, இசை நிகழ்ச்சி போன்றவற்றுக்கு மதுவின் பெயரைப் போட்டு அனுசரணை கொடுக்கக்கூடாது.

3. 21 வயது நிரம்பாதவருக்கு மதுவோ சிகரெட்டோ விற்கக்கூடாது. "அப்பா வாங்கிட்டு வரச் சொன்னாரு" என்று பிள்ளை வந்தாலும் கடைக்காரர் கொடுக்கக்கூடாது.

இதனால்தான் நம் நாட்டுச் சானல்களில் படம் ஓடும்போது கதாநாயகன் கையிலுள்ள போத்தலும் சிகரெட்டும் கலங்கலாகத் தெரிகின்றன. "டீ.வி. பழுதாப் போச்சு" என்று நினைத்துப் பெட்டியைத் தட்ட வேண்டாம். வேண்டுமென்றேதான் மறைக்கிறார்கள்.

ஏன் தடுத்தார்கள்?

"குடிக்கிறவன் குடிக்கிறான். விளம்பரத்தப் பாத்தா குடிக்கிறான்?" என்று சிலர் கேட்பார்கள். ஐம்பது வயதில் தினமும் தவறணைக்குப் போகிறவருக்கு விளம்பரம் தேவையில்லைதான். கம்பெனியும் அவரைத் தேடி வருவதில்லை. அவருக்கு வயதாகிறது, ஒரு நாள் அவர் இல்லாமல் போவார். அவருடைய இடத்தை நிரப்பப் புதிய ஆள் வேண்டும். அந்தப் புதிய ஆள் யார்? இன்றைக்குப் புத்தகப் பையோடு பள்ளிக்கூடம் போகிற நம் பிள்ளை.

பல நாடுகளில் பள்ளி வயதுப் பிள்ளைகளை ஆண்டுக் கணக்கில் கவனித்து ஆய்வு செய்திருக்கிறார்கள். மது விளம்பரத்தை அதிகம் பார்க்கும் பிள்ளைகள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் குடிக்கத் தொடங்குகிறார்கள், தொடங்கியவர்கள் அதிகமாகக் குடிக்கிறார்கள் என்பதே அவற்றின் பொதுவான முடிவு. மதுவின் கேட்டைக் குறைக்க நாடுகள் செய்யக்கூடிய, செலவு குறைந்த, பலன் நிறைந்த காரியங்கள் மூன்று என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. வரியைக் கூட்டுவது ஒன்று. கிடைக்கும் இடத்தையும் நேரத்தையும் குறைப்பது இரண்டு. விளம்பரத்தைத் தடுப்பது மூன்று.

விளம்பரம் போத்தலை விற்பதில்லை. ஓர் எண்ணத்தை விற்கிறது. கடற்கரையில் நண்பர்கள் சிரிக்கிறார்கள், கார் ஓடுகிறது, பாட்டு கேட்கிறது, நல்ல சட்டை போட்ட ஆம்பிளை கையில் ஒரு கிளாஸ். அந்தச் சிரிப்பு, அந்தக் கார், அந்தச் சட்டை எல்லாம் அந்தக் கிளாசுக்குள் இருந்து வந்தது போல் பிள்ளையின் மனதில் பதிகிறது. சம்பள நாள் இரவில் லயத்தில் கேட்கும் சத்தமும், அடகுக் கடைக்குப் போன தோடும் எந்த விளம்பரத்திலும் வருவதில்லை.

நாம் நம்பிவிட்ட மூன்று பொய்கள்

முதலாவது, "குளிருக்கு இதம்." மழையில் நனைந்து மலையை விட்டு வருகிறவர் ஒரு மடக்கு குடித்தால் உடம்பு சூடாவதாக உணர்கிறார். நடப்பது என்ன? மதுசாரம் தோலுக்கு அடியில் உள்ள இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. உள்ளே இருக்கும் சூடு தோலுக்கு வந்து வெளியே போய்விடுகிறது. தோல் சூடாகத் தெரியும், உடம்பின் உள்சூடு குறையும். ஈரத் துணியை மாற்றி ஒரு கோப்பை சுடச்சுட இஞ்சித் தேத்தண்ணி குடிப்பதுதான் உண்மையான இதம்.

இரண்டாவது, "உடம்பு வலி போகும், தெம்பு வரும்." மதுசாரம் மூளையின் வேலையை மந்தமாக்கும் பொருள். வலி போவதில்லை, வலியை உணர்வது கொஞ்ச நேரம் மங்குகிறது. குடித்துவிட்டுப் படுத்தால் சீக்கிரம் கண் அயரும். ஆனால் நடு இராத்திரிக்குப் பிறகு தூக்கம் கெடும். காலையில் பிரட்டுக்குப் போகும்போது முந்திய நாளைவிட அதிகக் களைப்புத்தான் மிஞ்சும்.

மூன்றாவது, "பியர்தானே, தண்ணி மாதிரி." இதற்குக் கணக்குப் பார்ப்போம். பிள்ளைகளைப் பென்சில் எடுக்கச் சொல்லுங்கள். சில 'ஸ்ட்ரோங்' பியர்களில் நூற்றுக்கு 8 பங்கு மதுசாரம் இருக்கிறது. 625 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் 625 × 8 ÷ 100 = 50 மில்லிலீற்றர் சுத்த மதுசாரம். சாராயத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மதுசாரம். 50 மில்லிலீற்றர் மதுசாரம் வேண்டுமானால் 150 மில்லிலீற்றர் சாராயம் குடிக்க வேண்டும். ஆகவே ஒரு பெரிய போத்தல் ஸ்ட்ரோங் பியர் குடித்த தம்பி, 150 மில்லிலீற்றர் சாராயம் குடித்தவருக்குச் சமம். பியர் "லேசான சரக்கு" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

இவ்வளவு குடித்தால் ஆபத்தில்லை என்று ஓர் அளவு உண்டா? அப்படிச் சொல்லக்கூடிய அளவே கிடையாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023 ஜனவரியில் அறிவித்தது.

கம்பெனிகள் தாமாகவே நிறுத்திக் கொள்ளாதா?

"சட்டம் எதற்கு, கம்பெனிகளே பொறுப்பாக நடந்து கொள்வார்கள்" என்று சொல்கிறவர்களும் உண்டு. இதற்கு அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். விஸ்கி போன்ற கடும் மதுவகைகளைத் தயாரிப்பவர்கள் 1936ஆம் ஆண்டில், வானொலியில் விளம்பரம் செய்வதில்லை என்று தாங்களாகவே முடிவெடுத்தார்கள். 1948இல் அந்த முடிவைத் தொலைக்காட்சிக்கும் சேர்த்துக் கொண்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் பியர் கம்பெனிகள் அப்படி எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் விளம்பரம் செய்துகொண்டிருந்தன. வியாபாரம் அந்தப் பக்கம் போவதைக் கண்டதும், 1996இல் மற்றவர்களும் தங்கள் முடிவைக் கைவிட்டார்கள். தாங்களே போட்டுக்கொண்ட வேலியைத் தாங்களே பிரித்துப் போட்டார்கள்.

பிரான்ஸ் நாடு வேறு வழியில் போனது. 1991இல் சட்டம் போட்டுத் தொலைக்காட்சியிலும் சினிமாக் கொட்டகையிலும் மது விளம்பரத்தைத் தடுத்தது. 1998இல் உலகக் கிண்ண உதைபந்தாட்டம் அங்கேதான் நடந்தது. போட்டியின் பெரிய அனுசரணையாளர்களில் ஒன்று அமெரிக்க பியர் கம்பெனி. மைதானத்தைச் சுற்றித் தன் பெயர்ப் பலகையை வைக்க அந்தக் கம்பெனிக்கு முடியவில்லை; அந்த இடத்தை வேறொரு கம்பெனிக்கு விற்றுவிட்டது. போட்டி எந்தக் குறையுமில்லாமல் நடந்தது, கிண்ணத்தையும் பிரான்ஸே வென்றது. பியர் விளம்பரம் இல்லாவிட்டால் விளையாட்டு நடக்காது என்பது பொய்.

பிறகு ஒரு வழக்கு வந்தது. வெளிநாட்டில் நடக்கும் போட்டியை ஒளிபரப்பும்போது அங்குள்ள மதுப் பலகைகள் பிரான்ஸ் மக்களின் கண்ணில் படுவதைத் தடுக்கலாமா என்பது கேள்வி. மக்களின் சுகாதாரத்துக்காக அப்படிக் கட்டுப்படுத்தலாம் என்று 2004இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம்

நம் நாட்டில் முன்வாசலை அடைத்தாயிற்று. அப்படியிருக்க, பையனுக்கு ஏழு பெயர் எப்படித் தெரியும்?

காமன் கூத்தில் வேஷம் கட்டி வருகிறவரை நாம் எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? முகத்தில் பூச்சு இருக்கும், தலையில் கிரீடம் இருக்கும். ஆனாலும் நடையைப் பார்த்து, குரலைக் கேட்டு, "இது நம்ம மேல்லயத்து மாமாதான்" என்று சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். அதே மாதிரி, வேஷம் கட்டி வரும் விளம்பரத்தையும் அடையாளம் காணப் பழக வேண்டும். வேஷங்கள் ஐந்து.

சோடா வேஷம். நம் லயங்களில் டிஷ் வழியாகத் தமிழகச் சானல்கள் பார்க்கிறோம். இந்தியாவிலும் தொலைக்காட்சியில் மது விளம்பரத்துக்குத் தடை உண்டு. 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகள் அதைத் தடுக்கின்றன. அதனால் கம்பெனிகள் ஒரு தந்திரம் செய்தன. விஸ்கியின் அதே பெயரில், அதே எழுத்தில், அதே நிறத்தில் சோடா, தண்ணீர்ப் போத்தல், பாட்டு கசெட் என்று விளம்பரம் செய்தன. சோடாவுக்கு இவ்வளவு பெரிய நடிகரும் கப்பலும் எதற்கு? பிள்ளைக்குச் சோடா ஞாபகம் இருப்பதில்லை, பெயர்தான் ஞாபகம் இருக்கிறது.

கிரிக்கெட் வேஷம். 1996இல் நம் அணி வென்ற உலகக் கிண்ணப் போட்டி ஒரு சிகரெட்டின் பெயரைத் தாங்கியிருந்தது. 2008இல் ஐ.பி.எல். தொடங்கியபோது பெங்களூர் அணிக்கு அப்போதைய உரிமையாளர் தன் கம்பெனியின் விஸ்கிப் பெயரை ஒட்டியே பெயர் வைத்தார். அந்தப் பெயரை நாம் இங்கே எழுதவில்லை. எழுதினால் இந்தப் பக்கமும் விளம்பரமாகிவிடும்! ஆனால் தம்பிமார் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். தென்னாபிரிக்க வீரர் ஹஷிம் அம்லா தன் அணியின் சட்டையில் இருந்த பியர் சின்னத்தை அணிய மறுத்தார். அந்தச் சின்னம் இல்லாத சட்டையுடனேயே விளையாடி, டெஸ்ட் போட்டியில் முச்சதமும் அடித்தார்.

சினிமா வேஷம். காதல் தோற்றால் குடி, வேலை கிடைத்தால் குடி, நண்பன் வந்தால் குடி. குடித்தவுடன் கதாநாயகனுக்கு ஆட்டமும் வருகிறது, பத்துப் பேரை அடிக்கும் பலமும் வருகிறது. திரையின் மூலையில் ஓர் எச்சரிக்கை வரி ஓடும். பிள்ளையின் கண் ஆட்டத்தைப் பார்க்குமா, வரியைப் பார்க்குமா?

போன் வேஷம். இன்றைக்கு லயத்துக்கு லயம் போன் இருக்கிறது. பேஸ்புக்கிலும் யூடியூபிலும் போத்தல் படங்களும் பார்ட்டிப் படங்களும் வருகின்றன. அவற்றில் சில, பார்ப்பதற்கு யாரோ ஒரு தம்பி போட்ட படம் போலவே இருக்கும். நாம் 'லைக்' போட்டு மற்றவருக்கு அனுப்பும்போது, சம்பளம் இல்லாமல் கம்பெனிக்கு வேலை செய்கிறோம்.

ஐந்தாவது, நம்முடைய வாய். இதுதான் எல்லாவற்றிலும் பெரிய விளம்பரம். "சடங்கு வீட்டுல சரக்கு ஓடுச்சு பாரு!" "அவன் ஆம்பிளைடா, ஒரு போத்தல் அடிச்சும் ஆடாம நிக்கிறான்." "போதையிலதான் அடிச்சாரு, மனசுல ஒன்னுமில்ல." இந்த மூன்று பேச்சையும் கேட்டு வளரும் பையன் என்ன படிப்பான்? குடி என்றால் கொண்டாட்டம், குடி என்றால் ஆம்பிளைத்தனம், குடித்தால் தப்புக்கு மன்னிப்பு உண்டு. இதைவிட நல்ல விளம்பரத்தை எந்தக் கம்பெனியும் எழுத முடியாது.

"கசிப்புக்கு யாரு விளம்பரம் போட்டா?"

கூட்டத்தில் அந்தப் பெரியவர் இதையும் கேட்டார். நியாயமான கேள்வி. கசிப்புக்கு டீ.வி.யும் இல்லை, பலகையும் இல்லை. ஆனாலும் விற்கிறது.

விளம்பரத்தைத் தடுத்தால் மட்டும் குடி ஒழிந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. வாங்கிய கடன், வேலைக் களைப்பு, பொழுதுபோக்க வேறு இடமில்லாத நிலை, கைக்கெட்டும் தூரத்தில் விற்பனை என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எல்லோரும் முதல் நாளே கசிப்பில் தொடங்குவதில்லை. குடிதான் சந்தோஷம் என்ற ஆசையை விளம்பரம் ஊட்டுகிறது. விலை எட்டாமல் போகும்போது அந்த ஆசைதான் கசிப்புக்கு இழுத்துக்கொண்டு போகிறது. மேலும், கசிப்புக்கும் விளம்பரம் உண்டு. அது நாம் சொன்ன ஐந்தாவது விளம்பரம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

தொலைக்காட்சியை உடைக்க வேண்டியதில்லை. பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். வேஷம் வரும்போது கேளுங்கள்: "இது சோடாவா, வேறயா? இதுக்கு யாரு காசு குடுத்தது? இதுல எதக் காட்டல?" ஏழு பெயர் தெரிந்த பிள்ளைக்கு இந்த மூன்று கேள்வியும் தெரிந்துவிட்டால், அந்த ஏழு பெயரும் வலுவிழந்துவிடும். திட்டினால் பிள்ளை ஒளித்துப் பார்க்கும், கேட்டால் யோசிக்கும்.

பிள்ளையைச் சாராயம் வாங்கக் கடைக்கு அனுப்பாதீர்கள். சட்டப்படியும் தப்பு, மனச்சாட்சிப்படியும் தப்பு.

சடங்கு, கல்யாணம், தீபாவளி, தேர்த் திருவிழா எதுவானாலும் சாப்பாட்டைப் பற்றிப் பெருமை பேசுங்கள், மேளத்தைப் பற்றிப் பேசுங்கள். சரக்கைப் பற்றிப் பேசாதீர்கள்.

இளைஞர் கழகத் தம்பிமார் விளையாட்டுப் போட்டி வைக்கும்போது, மதுப் பெயர் போட்ட சட்டையோ பதாகையோ யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். மாதர் சங்கமும் கோயில் கமிட்டியும் இதையே ஒரு தீர்மானமாக எடுக்கலாம்.

கடையிலோ வீதியிலோ மது விளம்பரப் பலகையைக் கண்டால், உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ, பொலிசிலோ, மதுவரித் திணைக்களத்திலோ சொல்லுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், சங்கத்தின் பெயரில் நாலு பேர் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுங்கள். வானொலியிலோ தொலைக்காட்சியிலோ குடியைப் புகழும் நிகழ்ச்சி வந்தால் அந்த நிலையத்துக்கும் எழுதுங்கள். நாம் எழுதும் ஒரு கடிதம் அங்கே ஒரு மேசைக்குப் போகும்.

இன்று வீட்டில் பேசுவதற்கு

1. இந்த வாரம் பார்த்தவற்றில், கேட்டவற்றில் எத்தனை வேஷங்களைக் கண்டீர்கள்? பிள்ளைகள் ஒரு தாளில் எழுதி வரட்டும்.

2. நம் வீட்டில் எந்தப் பேச்சு குடிக்கு விளம்பரமாக இருக்கிறது? தந்தைமார் முதலில் பதில் சொல்லட்டும்.

3. ஒருவர் கிழமைக்கு 1,000 ரூபா குடிக்குச் செலவழித்தால் 52 கிழமைக்கு எவ்வளவு? அந்தக் காசில் உங்கள் வீட்டுக்கு என்னென்ன வாங்கலாம்?

அந்தத் தாய்க்கு அன்றைக்குச் சொன்ன பதிலையே இங்கும் சொல்லி முடிக்கிறோம். "அம்மா, ஒங்க மவன் கெட்டுப் போகல. யாரோ அவனுக்கு ஏழு நாள் பாடம் நடத்தியிருக்காங்க. நீங்க எட்டாவது நாள் பாடத்த நடத்துங்க." சட்டம் ஒரு வாசலை அடைத்தது. மற்ற வாசல்கள் நம் காம்பராவில் இருக்கின்றன. அவற்றின் தாழ்ப்பாள் நம் கையில்.